மாமியார் பேரு

தலையில எண்ணெய் வைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. ஹேர்பின், கிளிப்பு, ரப்பர் பேண்டு ஒண்ணும் ஆகாது. சீயக்காய் போட்டு அலசி, நல்லாக் காயவிட்டு, நேர்ல வரணும். பதில் ஆளை அனுப்பினா உள்ள விட மாட்டான். பாளையங்கோட்டைப் பெயர் உறுதி அலுவலகத்து வாசல்ல இதைத்தான் பெருசா எழுதி வச்சிருக்கான். காலையில உள்ள போய்ப் பாத்தா, துஷ்டி வீட்டுல பிணம் எடுத்த பிறகு குளிச்சுட்டு உக்காந்த மாதிரி அத்தனை பொம்பளைகளும் தலையை விரிச்சுப் போட்டு உக்காந்திருப்பாங்க. ஆம்பளைங்க ஒண்ணு ரெண்டு பேருதான். அவனுகளுக்கு என்னத்துக்குப் பேரு மாறப் போகுது?

நான் அங்க போனது அன்னைக்கு மூணாவது தடவை. ஒரு ஆளுக்கு மூணு தடவைதான். மூணாவதுலயும் தோத்துட்டா இருக்கற பேரைச் சீல் வச்சிருவான். அப்புறம் செத்தாலும் அதுதான் பேரு.

எங்கப்பா எனக்கு வச்ச பேரு தமிழரசி. கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதின மனுஷன், கடன்பட்டு என்னை டி.பார்ம் படிக்க வச்சாரு. மருந்துக் கடையில லைசென்ஸ் போட்டு உக்காரலாம்ங்கற படிப்பு. அந்தச் சர்டிபிகேட்டுல தமிழரசின்னுதான் இருக்கு. ஆனா அரசாங்கக் கம்ப்யூட்டர்ல நான் ஆவுடையம்மாள். ஆவுடையம்மாளுக்குப் பத்தாங்கிளாஸ் கூடக் கிடையாது. எங்கப்பா கடன் வாங்கிப் படிக்க வச்சது எவளையோன்னு ஆகிப் போச்சு.

இந்தக் கூத்து எப்படி வந்துச்சுன்னு சொல்லுதேன். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ, "பொண்ணு பேரு என்ன?"ன்னு கேட்டாங்க. சொன்னோம். வந்தவங்க அத்தனை பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா பேரும் தமிழரசியாம். கட்டிக்கப் போறவளை எப்படி அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுறது? கோவம் வந்தா எப்படித் திட்டுறது? "ஏட்டி தமிழரசி, அறிவு இருக்கா உனக்கு"ன்னு கேட்டா, அது யாரைக் கேட்ட மாதிரி ஆகும்? இதுதான் அவங்களுக்குப் பெரிய பிரச்சினை. என்னைத் திட்டுறதுக்குத் தோதா ஒரு பேரு வேணும். எங்கப்பாவும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "பேருதானே, மாத்திக்கிட்டாப் போச்சு"ன்னு சிரிச்சாரு. அன்னைக்கு அவரு சிரிச்ச சிரிப்பை என்னால இன்னும் மன்னிக்க முடியலை.

மாமியார்தான் பேரைச் சொன்னா. "ஆவுடைன்னு வைங்க." எங்க செட்டுல ஒரு பிள்ளைக்கும் அப்படிப் பேரு கிடையாது. கூடப் படிச்சவளுக எல்லாம் ரம்யா, கீர்த்தனா, பவித்ரான்னு இருக்கையில நான் ஆவுடை. குலசாமி பேரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். யாரு கேக்க விட்டா?

அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அந்த வீட்டுல ஆவுடை, ஆவுடை, ஆவுடை. பாலு பொங்கினா ஆவுடை. மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா ஆவுடை. உப்புக் கூடினா ஆவுடை. காலையில கண்ணு முழிக்கும் முன்ன மாமியார் குரல் காதுல வந்து விழும். அவ மகன், அதான் என் புருஷன், ஹால்ல உக்காந்துக்கிட்டு டிவி ரிமோட்டு எங்கன்னு கேக்கறதுக்குக் கூட அந்தப் பேருதான். அவன் பேரு உலகநாதன். கல்யாணமானதுல இருந்து வாயால சொல்லாத பேரு. வெளியே வந்த பிறகுதான் சொல்லிப் பழகுதேன். உலகநாதன். நல்லாத்தான் வருது.

இதுக்கு நடுவுலதான் பெயர் உறுதிச் சட்டம் வந்துச்சு. தெருவுக்குத் தெரு முகாம் போட்டான். தலையில தொப்பி மாதிரி ஒண்ணை மாட்டி, ஸ்பீக்கர்ல வரிசையாப் பேரு கூப்பிடுவான். எந்தப் பேருக்கு மூளை "நான்தான்"னு சொல்லுதோ அதுதான் உன் பேரு. அறுபது தாண்டினவங்களுக்குச் சோதனை கிடையாது, ரேஷன் கார்டுல இருக்கறதே போதும்னுட்டான். அதனால மாமியார் உக்காரவே இல்லை. நான் உக்காந்தேன். எந்திரிக்கும்போது ஆவுடையம்மாள் ஆயிட்டேன்.

போன சித்திரையில எங்க மக ஓசூர்ல வேலைக்குச் சேந்தா. அன்னைக்கு ராத்திரி நானும் வேலைக்குப் போறேன்னேன். "அப்போ யாரு சோறு பொங்குவா?"ன்னான் உலகநாதன். அடிச்சானான்னு எல்லாரும் கேக்காங்க. அடிக்கலை. அடிச்சாத்தான் வெளியே வரணுமா? ரெண்டு சேலையும் சர்டிபிகேட்டும் எடுத்துக்கிட்டு மேலப்பாளையத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். பக்கத்துலயே நூர்ஜகான் அக்கா மெடிக்கல்ஸ். அக்கா நல்ல மனுஷி. "வந்து உக்காரும்மா, கம்ப்யூட்டர்ல இருக்கற பேரை மட்டும் சர்டிபிகேட்டுப் பேருக்கு மாத்திக் கொண்டா. பேரு ஒத்துப்போகாத ஆளை வச்சிருந்தா என் கடைக்குப் பூட்டுப் போட்டுருவான்"ன்னாங்க. நாலு மாசமா எனக்காக அந்த நாற்காலியைக் காலியா வச்சிருக்காங்க. ஆனா அவங்களுக்கும் வியாபாரம் நடக்கணும்லா? மூணு நாளைக்குள்ள வரலைன்னா வேற பிள்ளையைப் போட்டுருவேன்னு மூணாவது தடவைக்கு ரெண்டு நாள் முன்ன சொல்லிட்டாங்க. ஹாஸ்டலுக்குக் கட்ட எனக்கு வேற வழி கிடையாது. தோத்தா திரும்ப அந்த அடுப்படிதான்.

முதல் தடவை தோத்த அன்னைக்கு அங்க இருக்கற அலுவலர் ஜெபசிங் சார்தான் எனக்கு விளக்கிச் சொன்னாரு. வயசு அம்பதிருக்கும், சத்தம் போடாம பேசுற மனுஷன்.

"தமிழரசிங்கற பேரு உங்களுக்கு 'அடுத்தவர்'னு வருதும்மா."

"அடுத்தவரா? அது நான் சார்."

"மூளைக்கு மூணு தினுசுதாம்மா. தெரியாத பேரு, அடுத்தவர் பேரு, சொந்தப் பேரு. தூக்கத்துல கூப்பிட்டாக் கூட சொந்தப் பேருக்கு அது ஒரு துள்ளு துள்ளும். அதை நடிக்க முடியாது. முகத்தைப் போலியாப் பண்ணுதான், ரேகையைப் பண்ணுதான், குரலைப் பண்ணுதான். இது ஒண்ணைத்தான் பண்ண முடியலை. அதனாலதான் இந்தச் சட்டமே."

"ஆவுடைக்கு?"

"நல்லாத் துள்ளுது."

"அது பயத்துல துள்ளுது சார். அந்தப் பேரைக் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடிப் பழகின உடம்பு இது."

"பயமா பாசமான்னு மெஷின் பாக்காதும்மா. துள்ளுதான்னு மட்டும்தான் பாக்கும். புதுப் பேரு சொந்தம்னு வரணும். பழைய பேரு சொந்தத்துல இருந்து இறங்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும்."

"அப்போ இருபது வருஷம் என்னைக் கத்தினவனுக்குத்தான் என் பேரு சொந்தமா?"

அவரு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாரு. சட்டம் போட்டவன் இங்க இல்லை. இவரைக் கேட்டு என்ன பிரயோஜனம்? ஆனா எதிர்ல இருக்கற ஆளைத்தானே கேக்க முடியும்?

ரெண்டாவது தடவைக்கு முன்ன, ஆபீஸ் எதிர்த்தாப்புல இருக்கற பெயர்ப் பயிற்சி மையத்துல சேந்தேன். ஆமா, அதுக்கும் கோச்சிங் வந்துருச்சு. ஜெராக்ஸ் கடைக்கு மாடியில ஒரு ஹால். காதுல ஹெட்போனை மாட்டிவிட்டு, பழைய பேரைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போற வரைக்கும் ஓட்டுவான். அப்புறம் புதுப் பேரு. "தமிழரசி... தமிழரசி..."ன்னு ஒரு ஆம்பளைக் குரல். அது கூப்பிடும்போதெல்லாம் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? மாமியார் எங்க இருக்காளோ, காதுல விழுந்திருக்குமோன்னு கண்ணு தேடும். அந்த வீட்டுல அந்தப் பேரை நான் சொல்லவே கூடாது. தமிழரசின்னு டிவியில வந்தாக் கூடச் சத்தத்தைக் குறைச்சிருவேன். நான் விட்டுக் குடுத்த பேரு அவ பேரா ஆகி, என் மண்டைக்குள்ளயும் அவ பேராவே உக்காந்துட்டுது. ரெண்டாவது தடவையும் போச்சு.

மூணாவது தடவை நான் எந்தக் கோச்சிங்கும் போகலை. நேராப் போய் உக்காந்தேன். என் நம்பரைக் கூப்பிட்டதும் உள்ள போனா ஜெபசிங் சார் மூஞ்சி சரியில்லை.

"ஆட்சேபணை வந்திருக்கும்மா."

"யாரு குடுத்தது?"

"ஒரு குடும்பத்துல ஒரு பேரு ஒருத்தருக்குத்தான் இருக்கலாம்ங்கறது விதி. அந்தப் பேரு வச்சிருக்கவங்க ஆட்சேபணை பண்ணலாம். உங்க மாமியார் பண்ணியிருக்காங்க."

"நான்தான் அந்த வீட்டை விட்டு வந்துட்டேனே சார்."

"கோர்ட்டுல தீர்ப்பு ஆயிருச்சா?"

"இல்லை."

"அப்போ ஒரே குடும்பம்தாம்மா."

திரும்பிப் பாத்தா கதவு பக்கம் உலகநாதன் நிக்கான். மடிச்சுத் தேய்ச்ச வெள்ளைச் சட்டை. பக்கத்துல மாமியார். அவளும் தலையை அலசி விரிச்சுப் போட்டிருந்தா. எண்ணெய் இல்லாத அவ தலையை நான் அன்னைக்குத்தான் பாக்கேன். கொஞ்சூண்டு முடிதான்.

"கையெழுத்து உங்கம்மா போட்டாளா, நீ போட்டியா?"ன்னு கேட்டேன்.

"ஏட்டி, வாயை அடக்கிப் பேசு. எங்கம்மா பேரு அது. அதுல கை வைக்க நீ யாரு?"

"எங்கப்பா எனக்கு வச்ச பேரு. உங்கம்மா பேருங்கியே, உங்கம்மாவை எவன் பேரு சொல்லிக் கூப்பிடுதான்? ஊரெல்லாம் அவளை உலகு அம்மாங்குது. நீ அம்மாங்குத. பக்கத்து வீட்டுக்காரிக மதினிங்காளுக. அலமாரியில பூட்டி வச்சிருக்கற பேருக்காக என் பிழைப்பைக் கெடுக்க வந்திருக்கியாக்கும்?"

"சோத்துக்கு வழியில்லாமத் தெருவுல நிக்கப் போற. அப்போ தெரியும்."

"உனக்குத்தான்ல சோத்துக்கு வழியில்லை. அதுக்குத்தானே வந்திருக்க?"

ஹால்ல உக்காந்திருந்த பொம்பளைக அத்தனை பேரும் எங்களைத்தான் பாத்தாளுக. ஒருத்தி சிரிச்சுட்டா. அவன் கையை ஓங்கிட்டு வந்தான். ஜெபசிங் சார் குறுக்க வந்து நின்னாரு. "சார், இங்க எல்லாம் காமிராவுல பதிவாகுது"ன்னாரு. அவன் கையை இறக்கிட்டான். ஆம்பளையோட கோவம் காமிராவைக் கண்டா எவ்வளவு சீக்கிரம் ஆறுதுன்னு பாத்துக்கிட்டேன்.

"ஆட்சேபணை பண்றவங்களும் சோதனை நாற்காலியில உக்காரணும்"ன்னாரு ஜெபசிங் சார்.

"அவங்களுக்கு அறுபது தாண்டிருச்சு. சோதனை கிடையாதுல்லா?"ன்னான் உலகநாதன்.

"அது முகாமுக்கு. ஆட்சேபணைன்னு வந்துட்டா வயசு கிடையாது. அந்தப் பேரு தன் பேருதான்னு அம்மா காட்டணும்."

"காட்டுறதுக்கு என்ன இருக்கு? பொறந்ததுல இருந்து அவங்க பேரு தமிழரசிதான். உக்காரும்மா."

மாமியாரை நாற்காலியில உக்கார வச்சு, தொப்பி வயரு ஒட்டுறதுக்கு ஒரு பசையை உச்சந்தலையில தடவுறப்போ, "கரண்டு அடிக்குமாப்பா?"ன்னு கேட்டா. "அடிக்காதும்மா. கண்ணை மூடிக்கோங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா கேட்டா மட்டும் போதும்"ன்னாரு. நானும் அவனும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னோம். சுவத்துல திரை, அதுல மூளை துள்ளுறதைக் காட்டுற ஒரு கோடு. எனக்கும் மாமியாருக்கும் ஒரே பட்டியல்தான், அவ பேரும் என் பேரும் வேத்தாள் பேரும் கலந்து வருங்கறதை முதல்லயே சொல்லிட்டாரு.

ஸ்பீக்கர் கூப்பிட ஆரம்பிச்சுது. சரசுவதி. கோடு அசையலை. பொன்னுத்தாய். அசையலை. தமிழரசி.

ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான். திரையில எழுத்து விழுந்துச்சு: அடுத்தவர்.

எனக்கு வந்த அதே வார்த்தை. நான் ரெண்டு தடவை அழுத வார்த்தை. உலகநாதன், "என்னது?"ன்னான். ஜெபசிங் சார் பதில் சொல்லும் முன்ன அடுத்த பேரு வந்துச்சு. பேச்சியம்மாள். ஒண்ணுமில்லை. அதுக்கடுத்து, ஆவுடை.

கோடு துள்ளி மேல போய் நின்னுச்சு. நாற்காலியில அவ தோள்பட்டை ரெண்டும் தூக்கிக்கிட்டுது. சொந்தம்னு எழுத்து வந்துச்சு.

"மெஷின் கோளாறு"ன்னான் உலகநாதன்.

ஜெபசிங் சார் எந்திரிச்சுப் போய் வயரை மாத்தினாரு. பசையைத் துடைச்சுப் புதுசாத் தடவினாரு. திரும்ப ஓட்டினாரு. அதேதான். இன்னொரு தடவை, வேற குரல்ல. அதேதான்.

"மருமகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிருச்சு சார். நாள் முழுக்க அந்தப் பேருதானே வாயில"ன்னான் அவன்.

"கூப்பிடுற ஆளுக்கு அடுத்தவர்னுதான் வரும் சார். உங்களை உக்கார வச்சாலும் உங்க வீட்டம்மா பேரு அடுத்தவர்னுதான் வரும். இது கூப்பிடுற பேரு இல்லை. இவங்க மூளைக்கு இதுதான் பேரு"ன்னாரு ஜெபசிங் சார். அவரு குரலும் இறங்கிப் போச்சு.

மாமியார் கண்ணைத் திறந்தா. தொப்பியைக் கழட்டாமலே, "அது என் பேருதான்"ன்னா.

"என்னம்மா உளறுத?"

"உளறலை. எங்காத்தா வச்ச பேரு. ஆவுடை. உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு வந்தப்போ, அவரு தங்கச்சி பேரும் அதுவாப் போச்சு. கட்டிக்கிட்டவளைத் தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? அன்னைக்கு உங்க தாத்தாவுக்குக் கட்சிக் கிறுக்கு. தமிழரசின்னு மாத்திட்டாரு. மறு வருஷமே அந்தத் தங்கச்சி மஞ்சக்காமாலை கண்டு செத்துப் போச்சு. என் பேரு திரும்பி வரலை. கேட்டேன். பேருல என்ன கெடக்குன்னுட்டாரு உங்கப்பா."

பிறக்கறதுக்கு முன்னயே செத்துப் போன அத்தை பேரு அவனுக்குத் தெரியாது. கேட்டும் இருக்க மாட்டான்.

உங்களுக்கு இப்போ அவ மேல பாவமா இருக்கும். ஜெபசிங் சாருக்குக் கூடக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு ஒரு பாவமும் வரலை. கோவம்தான் வந்துச்சு. தெரியாம ஒருத்தி செஞ்சிருந்தா அது வேற. இவளுக்குத் தெரியும். பேரைப் புடுங்கினா எப்படி இருக்கும்னு அந்த வீட்டுலயே தெரிஞ்ச ஒரே ஆளு இவதான்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா அத்தை?"

அவ என்னைப் பாத்தா. "அந்தப் பேரை அந்த வீட்டுல யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு இருந்துச்சு"ன்னா. "யாரும் என்னைக் கூப்பிடப் போறதில்லை. உன்னையாவது கூப்பிடட்டும்னு நெனச்சேன்."

"நீயே கூப்பிட்ட. நாள் முழுக்க நீதான் கூப்பிட்ட."

"ஆமா. எனக்குக் கேக்கணும்லா."

இதுக்கு மேல நான் அவகிட்ட என்ன பேசுறது? பாலு பொங்கினதுக்கும் உப்புக் கூடினதுக்கும் அவ கூப்பிட்டது என்னை இல்லை. தன் காதுல தன் பேரு விழறதுக்கு நான் ஒரு சாக்கு. அவளுக்குக் காது குளிர, எனக்கு ஆயுசு போச்சு.

ஜெபசிங் சார் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "அவங்க ஆட்சேபணை செல்லாதும்மா. அது முடிஞ்சுது. ஆனா உங்களுக்கு இன்னும் சோதனை இருக்கு. மனசு கொதிச்சுக் கெடக்கு. இன்னொரு நாள் தேதி போட்டுத் தாரேன். இன்னைக்கு உக்காந்து தோத்தா சீல்தான். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"எப்போ தேதி கிடைக்கும்?"

"தைக்கு அப்புறம்."

அதுவரைக்கும் நூர்ஜகான் அக்கா காத்திருப்பாங்களா? ஹாஸ்டல்காரி இருக்க விடுவாளா? "கொதிச்சாக் கொதிச்சுட்டுப் போகுது. இன்னைக்கே வைங்க சார்"ன்னு சொல்லிட்டு அந்த நாற்காலியில போய் உக்காந்தேன். சூடு இன்னும் ஆறலை. அவ உக்காந்த சூடு.

தொப்பியை மாட்டினாரு. கண்ணை மூடினேன். நாற்காலியில இருந்து பாத்தா திரை தெரியாது. யாரு யாரு பேரோ வந்துச்சு, போச்சு. ஆவுடைன்னு வந்தா துள்ளக் கூடாது, துள்ளக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படிச் சொல்லிக்கிட்டா கண்டிப்பாத் துள்ளும்னும் எனக்குத் தெரியும். ரெண்டு தடவை அதைத்தான் செஞ்சு தோத்தேன்.

ஆவுடைன்னு கூப்பிட்டுது.

எனக்கு முன்ன அந்த வீட்டுக்குள்ள வந்து நின்ன ஒரு சின்னப் பொண்ணுதான் மனசுல வந்தா. புதுச் சேலை, கழுத்துல மஞ்சக் கயிறு, யாரோ தமிழரசின்னு கூப்பிட, அது தன்னைத்தான்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கா. அவ மேல எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. பின்னாடி நீ என்ன செய்யப் போறன்னு எனக்குத் தெரியும்டி, அப்படின்னு நெனச்சேன். ஓடணும்னு தோணலை. என்னைக் கூப்பிட்ட மாதிரியே இல்லை. அது அவ பேரு.

அப்புறம் நாலஞ்சு பேரு தாண்டி, தமிழரசி. மாமியார் எங்கன்னு கண்ணு தேடலை. அது அவ இல்லைன்னு ஆகிப் போச்சு. அவ இல்லைன்னா வேற யாரு? மிச்சம் இருக்கறது நான்தான்.

ஸ்பீக்கர் நின்ன பிறகும் நான் கண்ணைத் திறக்கலை. ஜெபசிங் சார்தான் வந்து தொப்பியைக் கழட்டினாரு.

"ஆவுடை, அடுத்தவர்"ன்னாரு. "தமிழரசி, சொந்தம். எந்திரிங்கம்மா."

கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்து அழுதேன். சந்தோஷத்துல இல்லை. இவ்வளவுதானே, இதுக்கு என்னை எத்தனை தடவை அலைய விட்டான், ஒரு கிழவி வந்து உக்காந்தாத்தான் எனக்கு என் பேரு கிடைக்கும்னு சட்டமான்னு வயித்தெரிச்சல்ல அழுதேன். முடியெல்லாம் பசை. அதைத் துடைக்க அந்த ஆபீஸ்ல ஒரு துணி கூடக் கிடையாது. சேலைத் தலைப்புலதான் துடைச்சேன்.

வெளியே வந்தா உலகநாதன் ஜெபசிங் சார்கூட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கான்.

"ஒரு தடவை நாற்காலியில உக்காந்துட்டா வயசுச் சலுகை போயிருச்சு சார். இனிமே அம்மா பேரு ஆவுடைதான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், உங்க வீட்டுப் பத்திரம் எல்லாம் தமிழரசின்னுல்லா இருக்கு? ஒவ்வொண்ணா மாத்தணும். மாத்துற வரைக்கும் நிப்பாட்டி வைப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் அம்மா நேர்ல வரணும்."

"யோவ், எழுபது வயசு ஆளுய்யா."

"விதி அதுதான் சார்."

அவன் மாமியார் பக்கம் திரும்பினான். "ஏம்மா, அந்தப் பேரெல்லாம் வேண்டாம், பழைய பேரே போதும்னு சொல்லு. சொன்னா விட்டுருவாங்க. எம்மா, உன்னைத்தான். எம்மா."

அவ பெஞ்சுல உக்காந்து, விரிச்ச முடியை ரெண்டு கையாலயும் அள்ளிச் சின்னதா ஒரு கொண்டை போட்டுக்கிட்டிருந்தா. அவன் கூப்பிட்டது காதுல விழாத மாதிரிதான் இருந்தா. நான் அவளைத் தாண்டித்தான் போகணும். தாண்டிப் போயும் விட்டேன். படிக்கட்டு வரைக்கும் போன பிறகு என்னால சும்மா போக முடியலை. அவ என்னை எப்படியெல்லாம் கூப்பிட்டாளோ, அந்தச் சீற்றம், அந்த இளக்காரம் ஒண்ணு விடாம வச்சு, ஹாலே கேக்கற மாதிரி கூப்பிட்டேன்.

"ஏட்டி ஆவுடை!"

மாமியாரை, பெத்த மகன் முன்னால, அத்தனை சனத்துக்கு நடுவுல, பேரு சொல்லி, அதுவும் ஏட்டி போட்டு. வலிக்கணும்னுதான் கூப்பிட்டேன். சத்தியமா வேற எண்ணம் எனக்கு இல்லை.

சட்டுன்னு திரும்பினா. கொண்டையில இருந்த கை அப்படியே நின்னு போச்சு. திட்டுவான்னு நின்னேன். திட்டினா நல்லா நாலு வார்த்தை திரும்பக் கேக்கலாம்னு இருந்தேன்.

"இன்னொரு தடவை கூப்பிடு"ன்னா.

குரல் கிழவிக் குரலாவே இல்லை.

நான் கூப்பிடலை. கூப்பிட்டிருக்கலாம், ஒரு வார்த்தை, காசா பணமா? இப்போ வரைக்கும் எனக்குள்ள அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு எனக்கு மனசு வரலை. இன்னைக்கும் வருமான்னு தெரியலை. படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, அந்தக் கோச்சிங் மாடிக்குக் கீழ நிழல்ல நின்னு நூர்ஜகான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"யாரு?"ன்னாங்க.

"தமிழரசி பேசுதேங்க்கா. நாளைக்குக் காலையில கடைக்கு வந்துருதேன்."